தேவனாம்பட்டினத்தில் மறைந்த பொறியாளர்

முன்னுரை

கருநாடகப் போர்களைப் பற்றி நாம் பள்ளிப் பருவம் முதற்கொண்டே படித்து வருகிறோம். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி, அவரோடு பொருத சந்தா சாகிப், புதுச்சேரி ஆளுநர் டூப்ளே, ஆங்கிலக் கும்பினியின் கிளைவ் ஆகியோரின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த நமக்கு விசய ரகுநாதராயத் தொண்டைமானின் பெயரும் நன்கு தெரியும். திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முகம்மது அலி முற்றுகையிடப்பட்டிருந்தபோது, உணவுப் பொருள்களை அனுப்பி அக்கோட்டையைத் தாங்கியவர்களுள் தொண்டைமானும் ஒருவர் அல்லரோ!

நம் குளத்தூர் ஒரு காலத்தில் தொண்டைமான் மரபின் ஒரு கிளையினர் ஆண்ட பாளையம். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது புதுக்கோட்டையோடு இணைந்தது. திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, கூப்பிடு தொலைவில் என்று சொல்லத்தக்க அளவில் இருப்பதால், அப்போரின் புழுதி படியாத ஊராக இதனைக் கருத இயலாது. அப்போர் நடந்த காலத்திலே, நம் தமிழ் மண்ணிலே உயிர் நீத்த ஒருவரைப் பற்றி இங்கே எழுதப் புகுகின்றோம். அவர் வாளேந்திய தளபதி அல்லர். கோட்டை வரைபடங்களோடு வந்த படைப்பொறியாளர். பெஞ்சமின் ராபின்ஸ் என்பது அவர் பெயர். உலகக் கணித வரலாற்றில் நிலைபெற்ற அப்பெயர் நம் வரலாற்று நூல்களில் அருகியே காணப்படுகிறது. அவர் வாழ்வையும் மறைவையும், அவற்றால் நாம் பெறத்தக்க படிப்பினையையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குண்டு அளந்த நிலம்

கடலூரை அடுத்த கடற்கரையில் தேவனாம்பட்டினம் உள்ளது. அங்கிருந்த கோட்டையை ஆங்கிலக் கும்பினியார் 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது அதுவே. அவ்விற்பனையில் ஒரு விந்தையான நிபந்தனை இருந்தது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ, அவ்வளவு தூரத்திற்கு உட்பட்ட நிலமும் வாங்கியவர்க்கே உரியது என்பதே அந்நிபந்தனை. அவ்வாறே நாற்புறமும் பீரங்கி சுடப்பட்டது. குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் கும்பினியாரைச் சேர்ந்தன. கடலூர்ப் பகுதியில் குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப் பெயரும் குண்டுசாலை என்னும் தெருப் பெயரும் அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகின்றன.

சங்கிலியும் கோலும் கொண்டு அளக்க வேண்டிய நிலத்தைக் குண்டு கொண்டு அளந்தனர்! ஆனால் அக்குண்டு எவ்வளவு விரைவிற் செல்கிறது, எதனால் ஓரிடத்தில் வந்து விழுகிறது என்பதை அன்று துல்லியமாக அறிந்தவர் உலகில் எவரும் இலர். அதனை முதன்முதலில் அளந்து காட்டியவர் ராபின்ஸ். அறுபது ஆண்டுகள் கழித்து, அவர் வந்து சேர்ந்ததும் உயிர் நீத்ததும் அதே தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்தான்.

பிறப்பும் கல்வியும்

ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். போரே கூடாது, படைக்கலம் ஏந்துதல் தகாது என்பது அப்பிரிவினரின் உறுதியான கொள்கை. அக்குடியிற் பிறந்த பிள்ளை பீரங்கி இயலின் தந்தையாக விளங்கியது வியப்பினும் வியப்பே. வளர்ந்தபின் அவர் அப்பிரிவினரின் வழக்கங்களை விட்டு விலகினார்.

இளமையிலேயே கணிதத்தில் அவர் ஒளி வீசினார். இலண்டனுக்கு வந்து தாமே பயின்றார்; பிறருக்குக் கற்பித்துப் பிழைத்தார். நியூட்டன் மறைந்த 1727ஆம் ஆண்டிலேயே, ஏறத்தாழ இருபது வயதில், இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். நியூட்டன் கண்ட நுண்கணிதத்தைச் சிலர் குறைகூறியபோது, 1735இல் அதற்குச் சார்பாக ஒரு நூல் எழுதினார். பாலங்கள், துறைமுகங்கள், கோட்டைகள் ஆகியவற்றின் அமைப்பிலும் அவருக்கு நாட்டம் சென்றது.

1741இல் உல்விச் என்னுமிடத்தில் படைப்பொறியாளர்களுக்கும் பீரங்கிப் படையினருக்கும் ஒரு கல்விக்கூடம் தொடங்கப்பட்டது. அங்கு ஆசிரியராக விரும்பிய ராபின்சுக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. அவர் சோர்ந்து விடவில்லை. தாம் கற்பிக்க எண்ணியிருந்த செய்திகளை விரித்து ஒரு நூலாக்கினார். 1742இல் வெளிவந்த ‘பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள்’ என்னும் அந்நூலே அவர் புகழை நிலைநாட்டியது.

ஊசல் சொன்ன உண்மை

அந்நூலின் அருமையை உணர, அதற்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். எறியப்பட்ட பொருள் பரவளையம் என்னும் வளைகோட்டில் செல்லும் என்று இத்தாலிய அறிஞர் கலிலியோ காட்டியிருந்தார். காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாத வரையில் அது சரியே. பீரங்கிக் குண்டு கனமானது, காற்று இலேசானது. ஆகையால் அத்தடை பொருட்படுத்தத் தக்கதன்று எனப் பலரும் எண்ணியிருந்தனர். உண்மையை அறிய வேண்டுமாயின் குண்டின் விரைவை அளக்க வேண்டும். கண்ணுக்கே புலப்படாமற் பாயும் பொருளை எக்கருவி கொண்டு அளப்பது?

ராபின்ஸ் கண்ட வழி மிக எளியது. முக்காலியினின்று ஒரு கனத்த ஊசலைத் தொங்கவிட்டார். அதன் முகப்பில் தடித்த மரப்பலகையைப் பொருத்தினார். துப்பாக்கியால் அம்மரத்தைச் சுட்டார். குண்டு மரத்திற் புதைந்ததும் ஊசல் பின்னோக்கி ஆடியது. ஊசலின் அடியிற் கட்டிய நாடா, அது எவ்வளவு ஆடியது என்பதை அளந்து காட்டியது. குண்டின் எடையும் ஊசலின் எடையும் தெரியும். ஊசல் ஆடிய அளவும் தெரியும். அவற்றைக் கொண்டு குண்டின் விரைவைக் கணக்கிட்டுவிடலாம்.

நம் வீட்டு ஊஞ்சலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அசையாது நிற்கும் ஊஞ்சலின் மேல் ஒரு சிறுவன் ஓடிவந்து பாய்ந்தால் அது பின்னே நகரும். மெல்ல வந்தால் சிறிது நகரும்; விரைந்து வந்தால் மிகுதியாக நகரும். ஊஞ்சல் நகர்ந்த தூரத்தைக் கண்டே சிறுவன் வந்த வேகத்தைச் சொல்லிவிடலாம் அன்றோ? ராபின்சின் ஊசல் ஏறத்தாழ 56 பவுண்டு எடையுள்ளது. குண்டோ ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அறுநூறு மடங்குக்கும் மேற்பட்ட கனமுள்ள பொருளில் மோதியதால், மின்னலெனப் பாய்ந்த விரைவு கண்ணாற் கண்டு அளக்கத்தக்க மெல்லிய அசைவாக மாறிற்று. துப்பாக்கிக் குண்டு வினாடிக்கு 1,600 அடிக்கும் மேற்பட்ட விரைவிற் செல்வது அவ்வாறு புலனாயிற்று.

அடுத்து, ஊசலைப் பல தொலைவுகளில் வைத்துச் சுட்டார். தொலைவு கூடக் கூடக் குண்டின் விரைவு பெரிதும் குறைவதைக் கண்டார். காற்றின் தடை குண்டின் எடையைப் போலப் பல மடங்கு இருப்பது தெளிவாயிற்று. 24 பவுண்டுக் குண்டொன்று, காற்றே இல்லையாயின் ஏறத்தாழ 16 மைல் செல்ல வேண்டும் என்பது கணக்கு. உண்மையில் அது 3 மைலைக்கூடக் கடப்பதில்லை. ஒலியின் விரைவை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென மிகுவதையும் அவர் உணர்ந்தார். இருபதாம் நூற்றாண்டில் வானூர்திகளை அமைத்தோர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டின் முதற் குறிப்பு இது எனலாம்.

சுழன்று செல்லும் குண்டு காற்றில் பக்கவாட்டில் விலகிச் செல்லும் என்பதும் அவர் கண்ட உண்மையே. துப்பாக்கியின் முனையை இடப்புறமாக வளைத்துச் சுட்டு, இடையிடையே மெல்லிய தாள் திரைகளை நிறுத்தி, குண்டு சென்ற வழியைக் காட்டினார். முதலில் இடப்புறம் சென்ற குண்டு பின்னர் வலப்புறமாகத் திரும்பியது. கிரிக்கெட் ஆடும் நம் மாணவர்கள், சுழற்றி வீசிய பந்து காற்றில் விலகுவதைக் கண்டிருப்பர். அதன் காரணமும் இதுவே. குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரிகள் வெட்டினால் குண்டு ஒரே சீராகச் சுழன்று இலக்குத் தவறாது செல்லும் என்றும், அத்தகைய படைக்கலத்தை முதலில் நன்குணர்ந்து கைக்கொள்ளும் நாடு பிற நாடுகளை விஞ்சும் என்றும் 1747இல் அவர் எடுத்துரைத்தார். அடுத்த நூற்றாண்டு அதனை மெய்ப்பித்தது.

1746இல் ராயல் சொசைட்டியின் காப்லி பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில், ஐரோப்பாவின் தலைசிறந்த கணித மேதையாகிய ஆய்லர், ராபின்சின் நூலைத் தம் விளக்கங்களோடு ஜெர்மன் மொழியில் வெளியிட்டிருந்தார். பின்னாளில் பிரெஞ்சுப் பேரரசனான நெப்போலியனும் இளம் பீரங்கிப்படை அலுவலனாக இருந்தபோது அந்நூலைப் பயின்று குறிப்பெடுத்தான்.

தமிழகம் நோக்கி

இத்தகைய மேதை தமிழகத்துக்கு வர நேர்ந்தது ஏன்? 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். கும்பினியாரின் தலைமை இடம் தேவனாம்பட்டினத்துக்கு மாறிற்று. சென்னையை மீட்க நவாப் அன்வாருத்தீன் தம் மகன் மாபூசு கானைப் பெரும்படையோடு அனுப்பினார். அடையாற்றின் கரையில் ஆயிரத்துக்கும் குறைந்த பிரெஞ்சுப் படையினர் அப்பெரும்படையைச் சிதறடித்தனர். நவாபின் வீரர்களிடம் ஆண்மைக்குக் குறைவில்லை. ஆனால் அவர்களுடைய பீரங்கிகள் ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்கு நெடுநேரம் ஆயிற்று. எதிரிகளோ அணி குலையாது இடைவிடாமற் சுட்டனர். பல்லாயிரம் பேரின் வலிமையைச் சில நூறு பேரின் ஒழுங்கு வெல்லும் என்பதை அந்நாள் காட்டிற்று. அப்பிரெஞ்சுப் படையை நடத்திய பரதி என்பவரும் ஒரு பொறியாளரே. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது அவர் காயமுற்று மாண்டார்.

உடன்படிக்கையின்படி 1749இல் சென்னை மீண்டும் கும்பினியாரிடம் வந்தது. இழந்து பெற்ற கோட்டையை வலுப்படுத்த வேண்டும் என்பதைக் கும்பினியார் உணர்ந்தனர். அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே ராபின்ஸ். அரசரின் படையைச் சேர்ந்தவராக அன்றி, கும்பினியின் தலைமைப் பொறியாளராகவே அவர் அமர்த்தப்பட்டார். 1749 இறுதியில் கப்பலேறி, 1750 சூலையில் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். ஜான் கால் என்னும் இளைஞர் அவருக்கு எழுத்தராக உடன் வந்தார்.

கோட்டையைக் காத்தலும் கோட்டையைக் கொள்ளுதலும் தமிழர்க்குப் புதியவை அல்ல. மதிலை வளைத்தலை உழிஞை என்றும், மதிலைக் காத்தலை நொச்சி என்றும் நம் முன்னோர் திணை வகுத்தனர். திருவள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரமே அமைத்தார். மதுரை மதிலில் நிறுத்தப்பட்டிருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்துகிறது. ஆயினும் வெடிமருந்தின் வரவு மதிலின் இலக்கணத்தையே மாற்றிவிட்டது. உயரமான மதில் பீரங்கிக்கு எளிய இலக்காயிற்று. தாழ்ந்து தடித்த சுவர், முனை நீட்டிய கொத்தளம், ஒன்றையொன்று காக்கும் கோணம் என்று கணக்கறிந்து கட்ட வேண்டிய காலம் வந்தது.

போரின் நடுவே மறைவு

ராபின்ஸ் வந்த வேளையில் நாடே கொந்தளித்துக் கொண்டிருந்தது. 1749 ஆகத்தில் ஆம்பூர்ப் போரில் அன்வாருத்தீன் வீழ்ந்தார். அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையிற் புகலடைந்தார். சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரரின் துணையோடு நவாபாக அறிவிக்கப்பட்டார். ராபின்ஸ் தேவனாம்பட்டினத்துக்கும் சென்னைக்கும் வேண்டிய அரண்களைத் திட்டமிட்டு வரைபடங்கள் ஆயத்தம் செய்யத் தொடங்கினார்.

வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல் அவரைப் பற்றியது. ஒருமுறை தேறி எழுந்தார். மீண்டும் பணியில் மூழ்கினார். நலிந்த உடல் நெடுநாள் தாங்கவில்லை. 1751 சூலை 29ஆம் நாள், தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை நாற்பத்து நான்கு. அவர் திருமணம் செய்து கொள்ளாதவர். கும்பினியாருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதிக் கொண்டிருக்கையில், கையிற் பிடித்த எழுதுகோலோடு மறைந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுவர்.

அதே சூலை மாதத்தில்தான் வாலிகண்டபுரத்தருகே சந்தா சாகிபின் படையிடம் பின்னடைந்த ஆங்கிலப் படை திருச்சிராப்பள்ளிக்கு ஒதுங்கியது; நம் பக்கத்து முற்றுகை தொடங்கியது. சில வாரங்களில் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்தார். 1752 சூனில் சந்தா சாகிப் திருவரங்கத்தில் சரணடைந்து கொல்லப்பட்டார். நவாபுப் பட்டத்துக்காகப் போரிட்ட சந்தா சாகிபும் முகம்மது அலியும் இன்று திருச்சிராப்பள்ளி நத்தர்வலி தர்காவின் எல்லைக்குள் அடங்கியிருப்பதைக் காண்கிறோம். பகை எங்கே போயிற்று, பட்டம் எங்கே போயிற்று என்று அங்கு நிற்போர் நெஞ்சு கேளாமல் இராது.

குண்டின் பாய்ச்சலை அளந்தவர் குண்டால் மாளவில்லை, காய்ச்சலால் மாண்டார். அக்காலப் படைகளில் களத்தில் வீழ்ந்தோரினும் நோயால் இறந்தோரே மிகுதி. அவர்களுள் ஆங்கிலேயரும் உண்டு, பிரெஞ்சுக்காரரும் உண்டு, இருபுறமும் கூலிக்கும் சோற்றுக்கும் படையில் சேர்ந்த நம்மவரும் உண்டு. நம்மவரின் சாவை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை என்பதையும் இங்கு நினைத்தல் கடமையாகும்.

மறைந்தபின் நின்றவை

ராபின்ஸ் காக்க வந்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை, அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குள், 1758 சூனில் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்தது. அதன் அரண்கள் தகர்க்கப்பட்டன. அவ்வளவில் அவர் வருகை வீணாயிற்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவரோடு எழுத்தராக வந்த ஜான் கால், பின்னர்ச் சென்னையில் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். 1758 இறுதியில் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வலுப்படுத்தப்பட்டிருந்த அக்கோட்டை 1759 பிப்ரவரி வரை தாங்கி நின்றது. லாலி முற்றுகையை விட்டுப் பின்வாங்கினார். ராபின்சின் எழுத்துகளோ 1761இல் இலண்டனில் தொகுக்கப்பட்டு நூலாயின. ஆசான் மறைந்தார்; மாணவரும் நூலும் எஞ்சினர்.

இதனை நம் வரலாற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழல் ஏவுகணைகளை உருவாக்கி, 1780இல் பொள்ளிலூர்ப் போரில் ஆங்கிலப் படையை நிலைகுலையச் செய்தனர். திப்புவின் படைநூலாகிய ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ ஏவுகணை வீரர்களுக்கும் இடம் வகுத்தது. அத்துறையில் ஐரோப்பியர் நமக்குப் பின்னே நின்ற காலம் அது. எனினும் 1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததோடு அக்கலையின் ஆசிரியர் மாணவர் தொடர்ச்சி அற்றது. கைப்பற்றப்பட்ட ஏவுகணைகள் உல்விச்சுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே காங்கிரீவ் என்பவர் ஆராய்ந்து புதிய ஏவுகணைகளைச் செய்தார். ஏவுகணைகள் எவ்வளவு உயரம் எழுகின்றன என்பதை 1749இலேயே ராபின்ஸ் அளந்து எழுதி வைத்திருந்த நாடு அது! நம் கொல்லர்களின் கைத்திறன் பெரிது. அவர்களின் பெயர்களோ அளவைகளோ நம் கைக்கு வந்து சேரவில்லை.

நம் இழப்பிற்கு இது ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. அரசர்களின் பூசல், கும்பினியாரின் சூழ்ச்சி, நவாபுகளின் கடன் எனக் காரணங்கள் பல. ஆயினும், அறிந்ததை அளந்து எழுதுதலும், எழுதியதை மாணவர்க்குக் கையளித்தலும் ஒரு சமுதாயத்தின் அரண் என்பதில் ஐயமில்லை.

முடிவுரை

அந்நியர் படைக்குத் தொண்டு செய்ய வந்தவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். அவர் வரைந்த அரண்கள் நம்மை அடக்க வந்தவர்க்கே பயன்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. போரை வெறுத்த குடியிற் பிறந்தவர், தம் கூர்த்த மதியைப் போருக்கே ஈந்தார் என்னும் வருத்தமும் நமக்கு உண்டு. ஆயினும் அவர் கண்ட உண்மை எக்கொடிக்கும் அடிமை அன்று. ஆங்கிலேயரின் குண்டுக்குக் காற்று காட்டும் தடையையே நவாபின் குண்டுக்கும் காட்டும்.

இதனை நன்குணர்ந்தவர் நம் காலத்தில் வாழ்ந்த டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இராமேசுவரத்திற் பிறந்து, திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியிற் பயின்ற அவர், அமெரிக்க விண்வெளி நிலையம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, திப்புவின் வீரர்கள் ஏவுகணை செலுத்தும் ஓவியம் அங்கே மாட்டப்பட்டிருந்ததைக் கண்டு நெகிழ்ந்ததைத் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். நாம் மறந்ததை அயலார் சுவரில் கண்ட அவர், அறுந்த இழையை மீண்டும் முடிந்தார். 2015இல் மறைந்த அன்றும் மாணவர்முன் உரையாற்றிக் கொண்டிருந்தார்.

கடலூர்ப் பக்கம் செல்லும் நம் மாணவர்கள் குண்டு உப்பலவாடி என்னும் பெயர்ப்பலகையைக் கண்டால் ஒரு கணம் நிற்பார்களாக. அங்கே ஒரு காலத்தில் குண்டு நிலத்தை அளந்தது. குண்டையே அளந்த மனிதர் ஒருவர் அதே மண்ணில் அடங்கினார். வகுப்பறைக்குத் திரும்பியதும், நம் வட்டாரத்தின் ஏரியும் கலிங்கும் கோட்டையும் எத்தகைய கணக்கால் எழுந்தன என்று பெரியோரைக் கேட்டு, அளந்து, எழுதத் தொடங்குவார்களாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாக நாம் மகிழ்வோம்.